மலைக்கும் ஒரு மகமை வேண்டும்



சித்திரை பிறந்து விட்டால் மேட்டுப்பாளையத்தில் மொத்தக் கடை வைத்திருக்கும் நமக்கு நாட்காட்டியைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. காலை ஆறு மணிக்கு ஊட்டி சாலையில் நிற்கும் கார்களின் வரிசையே சீசன் வந்து விட்டது என்று சொல்லி விடும். மலை மேல் கடை வைத்திருப்பவர்கள் கோடை சீசனிலும், செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாம் சீசனிலும் சம்பாதிப்பதை வைத்துத்தான் மழை மாதங்களை ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு எண்ணெய், பருப்பு, மைதா, சர்க்கரை அனுப்பும் நமது பேரேட்டிலும் அது அப்படியே தெரியும். மே மாதத்தில் வரவுப் பக்கம் நிறையும். ஜூலை, ஆகஸ்டில் பாக்கிப் பக்கம் நீளும். ஆகவே மலைக்கு எத்தனை வண்டி போகலாம் என்பது நமக்கு வெறும் ஊர்ப் பேச்சு அல்ல. நமது கல்லாப் பெட்டியைத் தொடும் கேள்வி.

அந்தக் கேள்விக்கு நீதிமன்றம் ஒரு பதில் சொல்லியது. சீசன் நாட்களில் நீலகிரிக்குள் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் நுழைகின்றன என்ற கணக்கு சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் பிறந்த உத்தரவின்படி, மே 7-ஆம் தேதி முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. அடுத்த ஆண்டு எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வாகனங்களுக்கும், அரசுப் பேருந்துகளுக்கும், அத்தியாவசியச் சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கும் விலக்கு இருந்தது.

2025 ஏப்ரல் 2-ஆம் தேதி நீலகிரி வணிகர்கள் முழுக் கடையடைப்பு நடத்தினார்கள். அன்று நாமும் மலைக்குச் சரக்கு ஏற்றாமல் ஆதரவு தெரிவித்தோம். பிழைப்பு பாதிக்கப்படும்போது குரல் கொடுப்பது நமது உரிமை. அதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் கடையைத் திறந்த மறுநாள் நம்மை நாமே கேட்டுக் கொள்ள வேண்டிய ஒரு கேள்வி இருந்தது. "இந்த வரம்பு வேண்டாம் என்கிறோம். சரி, வேறு என்ன வேண்டும் என்கிறோம்?" அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை என்பதை ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும். அந்தப் பதிலைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையின் சுமை

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி உதகை நகரத்தின் மக்கள் 88,430 பேர். நகராட்சியின் குடிநீரும், சாக்கடையும், குப்பை வண்டிகளும், துப்புரவுத் தொழிலாளர்களும் ஏறக்குறைய இந்த அளவை வைத்து அமைந்தவை. உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் நிதியிலும் மக்கள்தொகையே பெரிய அளவுகோல். விருந்தாளிக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை. வீட்டில் ஐந்து பேருக்கு உலை வைத்து விட்டு, வாசலில் ஐம்பது பேர் வந்து நின்றால் என்ன ஆகும் என்பதை நமது வீட்டுப் பெண்கள் சொல்வார்கள்.

அந்தச் சுமை தாங்காதபோது நடப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழையை யாரும் தடுக்க முடியாது. ஆனால் சரிவை வெட்டிக் கட்டடம் கட்டுவதும், ஓடையை மூடிப் பாதை போடுவதும் மழையின் வேலை அல்ல, மனிதனின் வேலை. சாலை அடைபட்டால் நமது லாரி கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். அதுவும் அடைபட்டால் சரக்கு கிட்டங்கியிலேயே கிடக்கும். மலை நன்றாக இருந்தால்தான் நமது வியாபாரம். சுற்றுச்சூழல் என்ற சொல்லைக் கேட்டதும் அது யாரோ படித்தவர்களின் கவலை என்று ஒதுங்கி விடுவது நமக்கு நாமே செய்து கொள்ளும் கெடுதல்.

பணம் எங்கே போகிறது?

மலைக்கு வருகிறவர் செலவழிக்காமல் போவதில்லை. ஆனால் அந்தப் பணம் எந்தெந்தக் கல்லாவில் விழுகிறது என்று பாருங்கள். தாவரவியல் பூங்காவின் நுழைவுக் கட்டணம் தோட்டக்கலைத் துறைக்கு. படகு இல்லத்தின் கட்டணம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு. மலை ரயிலின் டிக்கெட் ரயில்வேக்கு. காட்டுப் பகுதியில் வசூலாவது வனத்துறைக்கு. தங்கும் அறையின் வரி, 2017 ஜூலைக்கு முன் ஆடம்பர வரியாக மாநில அரசுக்குப் போனது, இப்போது ஜி.எஸ்.டி.யாக மத்திய, மாநில அரசுகளுக்குப் பாதிப் பாதியாகப் போகிறது. 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு அந்த வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அது வரவேற்க வேண்டியதே.

ஆனால் வந்தவர் குடித்த தண்ணீரும், போட்ட குப்பையும், பயன்படுத்திய கழிப்பறையும் யார் தலையில்? நகராட்சியின் தலையிலும் ஊராட்சிகளின் தலையிலும். அவற்றுக்குக் கைவரவு என்று பெரிதாக இருப்பது சொத்து வரியும், நம்மைப் போன்ற கடைக்காரர்கள் கட்டும் வாடகையும்தான். லாபம் ஒரு கணக்கில், செலவு வேறொரு கணக்கில். இப்படி ஒரு கடையை நடத்தினால் எத்தனை மாதம் தாங்கும்? பணம் போதாத நகராட்சி என்ன செய்யும்? நமது கடை வாடகையை உயர்த்தும். ஆகவே இந்த விவகாரம் சுற்றிச் சுற்றி நம்மிடமே வந்து சேருகிறது.

இ-பாஸ் இலவசமாகவே வழங்கப்பட்டது. அது வண்டியை எண்ணியது. ஆனால் வண்டி ஏற்படுத்தும் செலவுக்கு ஒரு காசும் கொண்டு வரவில்லை. சோதனைச் சாவடிகளில் பசுமை வரி என்ற பெயரில் ஒரு சிறு தொகை வாங்கப்பட்டதையும் நாம் அறிவோம். அது எவ்வளவு சேர்ந்தது, எந்த வேலைக்குச் செலவாயிற்று என்று நமது கடைத்தெருவில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் கையை விரிப்பார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். அளந்ததைப் பார்க்க முடியாத பணத்தின் மீது யாருக்கும் நம்பிக்கை வராது.

நமது முன்னோர் காட்டிய வழி

இந்த இடத்தில் நாம் வெளியே எங்கும் போய்ப் பாடம் கேட்க வேண்டியதில்லை. மகமை என்ற சொல்லை அறியாத வியாபாரி தென்மாவட்டங்களில் இருக்க முடியாது. மூட்டைக்கு இவ்வளவு, பொதிக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை வியாபாரத்திலேயே பிரித்து வைப்பார்கள். வாங்குபவருக்கும் அது பாரமாகத் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. ஆனால் ஆண்டு முடிவில் அது பெருந்தொகையாகச் சேரும். அதைக் கொண்டு பேட்டை கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். விருதுநகரில் 1889-ஆம் ஆண்டு தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை மகமையாலும் பிடி அரிசியாலும் வளர்ந்தது என்பது நாடறிந்த செய்தி. காமராசர் படித்த பள்ளிக்கூடம் அது.

மகமை நிலைத்ததற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, அது தனிக் கணக்கு. கடை முதலில் கலக்கக் கூடாது. இரண்டாவது, எதற்காக வாங்குகிறோம் என்பது முன்கூட்டியே தெரியும். மூன்றாவது, கொடுத்தவர்கள் கூடியிருக்கும் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும். யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். கணக்குப் பிசகினால் பொறுப்பில் இருந்தவர் அடுத்த நாள் கடைத்தெருவில் தலை காட்ட முடியாது. மலைக்கும் இப்படி ஒரு மகமை வேண்டும் என்பதே நமது கருத்து.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 சீசனில் விதித்த வரம்பையே எடுத்துக் கொள்ளலாம். வார நாட்கள் ஐந்துக்கு 30,000 வண்டிகள், வார இறுதி இரண்டு நாட்களுக்கு 16,000. ஆக வாரத்துக்கு 46,000. வண்டிக்கு 50 ரூபாய் வீதம் வாங்கினால் வாரத்துக்கு 23 லட்சம் ரூபாய். ஏப்ரல் முதல் ஜூன் வரை 13 வாரத்துக்கு 2 கோடியே 99 லட்சம். வரம்பு முழுதும் நிரம்பாமல் பாதி வண்டிகளே வந்தாலும் ஒன்றரைக் கோடிக்கு அருகில் வரும். கோவையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆயிரக்கணக்கில் செலவழித்து வரும் குடும்பத்துக்கு 50 ரூபாய் இரண்டு தேநீரின் விலை. இதனால் ஒரு வண்டியும் திரும்பிப் போகாது. ஆனால் மலை அடிவாரத்தில் ஒரு நல்ல வண்டி நிறுத்துமிடம், அங்கிருந்து மேலே போக அடிக்கடி சிறு பேருந்துகள், வழியில் சுத்தமான கழிப்பறைகள், கூடுதல் துப்புரவுத் தொழிலாளர்கள் என்று ஒவ்வொன்றாகச் செய்து விடலாம். அடிவாரத்தில் நிறுத்திய காரில் வந்தவரும் மேலே போய் வர்க்கியும் தேயிலையும் தைலமும் வாங்கத்தான் போகிறார். நமக்குத் தேவை வாடிக்கையாளர்; அவரது கார் அல்ல.

கட்டணம் எவ்வளவு என்பதிலும் வியாபார புத்தி வேண்டும். பூடான் நாட்டில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஓர் இரவுக்கு 65 டாலராக இருந்த கட்டணத்தை 2022 செப்டம்பரில் 200 டாலராக உயர்த்தினார்கள். ஒரே ஆண்டில், 2023 செப்டம்பரில், அதை 100 டாலராகப் பாதியாக்க வேண்டி வந்தது. விலையை ஏற்றினால் சரக்கு நகராது என்பதை அரசாங்கமும் கற்றுக் கொண்டது. இத்தாலியின் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25-ஆம் தேதி முதல் கூட்டம் மிகுந்த நாட்களில் மட்டும், காலையில் வந்து மாலையில் போகும் பயணிகளிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியது. இரவு தங்குபவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. மூட்டை கட்டிக் கொண்டு வந்து, சாலையோரத்தில் சாப்பிட்டு, இலையைப் போட்டு விட்டு இரவுக்குள் இறங்கி விடுபவரும், இரண்டு நாள் தங்கிக் கடை கடையாக ஏறி இறங்குபவரும் ஊருக்கு ஒன்றல்ல. இரவு தங்கும் சீட்டைக் காட்டுபவருக்குக் கட்டணத்தில் சலுகை தரலாம்.

சாவி யார் கையில்?

பணம் சேர்ப்பது எளிது. அதை யார் கையில் கொடுப்பது என்பதே பெரிய கேள்வி. 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மாவட்டத் திட்டக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்றும், அதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாத உறுப்பினர்கள் உள்ளாட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிலிருந்து வர வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் நல்ல சட்டம்தான். நடப்பைப் பாருங்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நீலகிரி உள்ளிட்ட 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் வாகன வரம்பு வந்தபோது, மலைக் கிராமங்களின் சார்பில் எழுந்து பேசத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் ஒருவரும் பதவியில் இல்லை. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் பணி சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூர் ஐ.ஐ.எம்.முக்கும் கொடுக்கப்பட்டது. அறிஞர்கள் ஆராயட்டும். ஆனால் மலையில் வாழ்பவரும் மலையை நம்பி வாழ்பவரும் இல்லாமல் எடுக்கும் முடிவு நிலைக்காது. ஊர் பேசாத இடத்தில்தான் நீதிமன்றம் பேச வேண்டி வருகிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை:

1. வண்டிக்கு வாங்கும் தொகை தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அரசின் பொதுக் கணக்கில் கலக்கக் கூடாது.

2. அதை நிர்வகிக்கும் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி, ஊராட்சி உறுப்பினர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். அவர்களோடு வணிகர்கள், லாட்ஜ் உரிமையாளர்கள், வாகன ஓட்டுநர்கள், தேயிலை, காய்கறி விவசாயிகள், பழங்குடி மக்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆகியோருக்கும் இடம் வேண்டும். மாவட்ட ஆட்சியர் மேற்பார்வை செய்யட்டும்.

3. செலவு குடிநீர், குப்பை, கழிப்பறை, வடிகால், வண்டி நிறுத்துமிடம், பேருந்து ஆகியவற்றுக்கு மட்டுமே. அலுவலகம் கட்டுவதற்கும், ஜீப் வாங்குவதற்கும், மலர்க் கண்காட்சிக்கு வளைவு வைப்பதற்கும் அல்ல.

4. மாதந்தோறும் வரவு செலவை மார்க்கெட் வாசலில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை உள்ளாட்சி நிதித் தணிக்கை நடந்து, அந்த அறிக்கை பொதுக் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும்.

இந்த நான்கும் இல்லாமல் கட்டணம் மட்டும் வருமானால் அதை எதிர்த்து முதல் கடையாக நமது கடையை அடைப்போம். இந்த நான்கோடு வருமானால் அதை முதலில் வரவேற்பதும் நாமாக இருக்க வேண்டும்.

நமது கையும் சுத்தமாக வேண்டும்

மற்றவரிடம் கணக்குக் கேட்கும் முன் நமது கணக்கையும் திறந்து காட்ட வேண்டும். 2019-ஆம் ஆண்டு நீலகிரியில் சிறு தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை வந்தது. அப்போது கிட்டங்கியில் தேங்கிய சரக்கை என்ன செய்வது என்று தெரியாமல், இரவோடு இரவாக மலையேற்றி விட்டவர்கள் நம்மிலும் உண்டு. வெளிப்படையாகவே சொல்லி விடுகிறோம். நமது கடையிலிருந்தும் ஒரு வேன் சரக்கு போனது. சோதனையில் பிடிபட்டு அபராதம் கட்டினோம். அபராதம் பெரிதாகத் தெரியவில்லை. சில வாரம் கழித்துக் கல்லாறு பக்கம் போனபோது, யானைகள் சாலையைக் கடக்கும் இடத்தில், நாம் விற்ற அதே ரகப் பாட்டில்கள் நசுங்கிக் கிடந்ததைப் பார்த்தோம். அதை யார் பொறுக்குவார்கள் என்று நினைத்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. அன்றோடு மலைக் கடைகளுக்குத் தடைசெய்த சரக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்தோம். இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும்.

கடைக்குக் கடை குப்பைக் கூடை, அட்டைப்பெட்டியையும் சாக்கையும் இறங்கு வண்டியிலேயே திரும்பப் பெறும் ஏற்பாடு, பயணிகளின் பாட்டிலை நிரப்பிக் கொள்ள வாசலில் ஒரு குடிநீர்க் குழாய் ஆகியவற்றை நாம் செய்யலாம். மொத்த வியாபாரிகளின் வண்டிகள் மலையிலிருந்து பெரும்பாலும் காலியாகத்தான் இறங்குகின்றன. அந்தக் காலி இடத்தில் ஒரு பங்கைக் கழிவுக்குக் கொடுத்தால் டீசல் கூடப் போவதில்லை.

எதிர்ப்புகளுக்கு ஒரு பதில்

"ஏற்கெனவே ஜி.எஸ்.டி., சொத்து வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம் என்று கட்டி நொந்து போயிருக்கிறோம். நாமே போய் இன்னொரு கட்டணத்தைக் கேட்டு வாங்குவதா?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இது கடைக்காரர் கட்டும் கட்டணம் அல்ல. மலையைப் பார்க்க வருபவர் மலைக்குக் கொடுப்பது. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நாம் எதையும் முன்வைக்காவிட்டால் கட்டுப்பாடு வராமல் போய் விடாது. நம்மைக் கேட்காமல் வரும். வரம்பை மட்டும் வைத்துக் கொண்டு வண்டியைத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டில் நமக்கு நட்டம் மட்டுமே உண்டு. ஊருக்கு ஒரு குழாய் கூட வராது. மகமை ஏற்பாட்டில் வண்டி குறைந்தாலும் ஊர் வளரும், ஊர் வளர்ந்தால் வருபவர் தங்குவார், தங்கினால் வாங்குவார்.

"குழு என்று போட்டால் அரசியல்வாதிகள் புகுந்து விடுவார்கள்" என்ற அச்சமும் உண்டு. அதற்கு மருந்து குழுவே வேண்டாம் என்பதல்ல. மார்க்கெட் வாசலில் உள்ள பலகைதான். தினமும் நாலாயிரம் பேர் கண்ணில் படும் கணக்கைத் திருத்துவது அவ்வளவு எளிதல்ல.

உதகையில் 1896-ஆம் ஆண்டு தொடங்கிய மலர்க் கண்காட்சியும், 1908-ஆம் ஆண்டு உதகை வரை வந்த மலை ரயிலும் நாம் உண்டாக்கியவை அல்ல. முன்னோர் விட்டுச் சென்றதைக் கொண்டு நாம் வியாபாரம் செய்து வருகிறோம். முதலை எடுத்துத் தின்னும் வியாபாரி நிலைக்க மாட்டான் என்பது நமக்குத் தெரியாதது அல்ல. மலைதான் நமது முதல்.

மே 5-ஆம் தேதி வணிகர் தினம். மாநாட்டில் வழக்கம்போலப் பல தீர்மானங்கள் வரும். கட்டணமும் கணக்கும் கூட்டாக இருக்க வேண்டும் என்ற இந்தத் தீர்மானத்தையும் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறைப் பகுதிச் சங்கங்கள் சேர்ந்து கொண்டு வர வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம். அதற்கு முன் அவரவர் சங்கக் கூட்டத்தில் இதை விவாதித்து, ஏற்பவர்களும் மறுப்பவர்களும் தங்கள் கருத்தை இவ்விதழுக்கு எழுதுமாறு வேண்டுகிறோம். மறுப்பவர்கள் வேறு வழி என்ன என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.